உங்களுக்குள் ஒரு விழுப்புரம் ஜங்ஷன்

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு விழுப்புரம் ஜங்ஷனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செங்கற்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வண்டி இங்கே வந்து நின்றதும் பெட்டிக்குள் ஒரு பரபரப்பு உண்டாகிவிடும். தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். மூட்டை முடிச்சுகள் இறங்கும், ஏறும். இந்த ஸ்டேஷனிலிருந்து ஐந்து திசைகளுக்குப் பாதை பிரிகிறது. வடக்கே சென்னை, தெற்கே விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, கிழக்கே புதுச்சேரி, மேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. எந்தச் சரக்கு எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த எஞ்சின் எதை இழுக்க வேண்டும் என்பதில் ஒரு வேளை குழப்பம் நேர்ந்தால்கூடப் பல ஜில்லாக்களில் அதன் விளைவு தெரியும்.

இப்படி ஒரு ஜங்ஷன் உங்கள் உடம்பிலும் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்றல்ல, கோடிக்கணக்கில் இருக்கின்றன. உடம்பு என்பது உயிரணுக்களால், அதாவது செல்களால், கட்டிய வீடு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் செல்களுக்குள் தண்டவாளம் உண்டு, எஞ்சின் உண்டு, மேலே போகும் வண்டி, கீழே வரும் வண்டி இரண்டும் உண்டு. நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டும் இந்த நிமிஷத்திலும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

பாசிக்குள் ஓட்டம்

செல் என்பது கஞ்சி நிறைந்த பை என்றுதான் வெகு காலம் வரை பலரும் நினைத்தார்கள். ஆனால் 1774-லேயே இத்தாலியில் போனவெஞ்சூரா கோர்ட்டி என்பவர், காரா என்ற குளத்துப் பாசியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, அதன் செல்லுக்குள் சரக்கு வட்டமாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். காற்றுமில்லை, அலையுமில்லை, பின் ஓட்டுவது யார்?

இந்த வேடிக்கையை நீங்களும் பார்க்கலாம். நம் ஏரி குளங்களில் தண்ணீருக்கடியில் கொடி கொடியாக மண்டிக் கிடக்குமே, மீன் தொட்டியில்கூடப் போடுவார்களே, அந்த ஹைட்ரில்லாச் செடியின் ஓர் இலை போதும். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பச்சை மணிகள் செல்லின் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருவது தெரியும்.

ஓட்டுவது யார் என்பதை 1983-ல் அமெரிக்காவில் மைக்கேல் ஷீட்ஸ், ஜேம்ஸ் ஸ்பூடிச் என்ற இருவர் ஒரு சாமர்த்தியமான சோதனையால் காட்டினார்கள். காராவின் பங்காளியான நைட்டெல்லாப் பாசியின் செல்லை நெடுக வெட்டித் திறந்தார்கள். உள்ளே 'ஆக்டின்' என்ற புரத இழைகள் கயிறு போல நீளமாகக் கிடந்தன. முயலின் தசையிலிருந்து 'மயோசின்' என்ற மற்றொரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதைக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மணிகளின் மேல் பூசி, அந்த இழைகளின் மேல் விட்டார்கள். செல்லுக்கு உணவான 'ஏடிபி' என்ற ரசாயனப் பொருளையும் சேர்த்தார்கள். மணிகள் எல்லாம் ஒரே திசையில் ஓட ஆரம்பித்தன!

முயலின் எஞ்சின், பாசியின் தண்டவாளம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. பாசியும் முயலும் நாமும் எவ்வளவு பழைய உறவினர்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மூன்று எஞ்சின்கள்

இந்த எஞ்சின் புரதங்களில் மூன்று குடும்பங்கள் உண்டு. மயோசின் ஒன்று, நாம் கையை மடக்குவதும் இருதயம் துடிப்பதும் இதன் வேலைதான். இரண்டாவது 'டைனீன்'. 1965-ல் இயான் கிப்பன்ஸ் என்பவர், தண்ணீரில் நீந்தும் ஒரு செல் உயிரின் ரோமங்களிலிருந்து இதை எடுத்துப் பெயரும் வைத்தார். மூன்றாவது 'கினெசின்'. 1985-ல் ரொனால்ட் வேலும் ஷீட்ஸும் அவர்களுடைய கூட்டாளிகளும், கணவாய் மீனின் பருமனான நரம்பை ஆராய்ந்தபோது அகப்பட்டது இது. ஸ்பூடிச், ஷீட்ஸ், வேல் மூவருக்கும் இதற்காக 2012-ல் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

கினெசினும் டைனீனும் ஓடுவது வேறு தண்டவாளத்தில். 'நுண்குழல்' என்று அதைச் சொல்லலாம். தடிமன் 25 நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிமனில் இப்படிப்பட்ட குழல்களை மூவாயிரம் வரிசையாக அடுக்கலாம். பெரும்பாலான செல்களில் இந்தக் குழல்கள் நடுவிலிருந்து நாலா பக்கமும் விரிந்து ஓரம் வரை போகின்றன. கினெசின் குடும்பத்தில் அநேகமாக எல்லாமே நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும். டைனீன் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும்.

ஓரத்துக்கு வந்த சரக்கு சில சமயம் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்கும். அங்கே நுண்குழல் இல்லை, ஆக்டின் இழைகள்தான். அப்போது சரக்கு மயோசின் கைக்கு மாறுகிறது. மீட்டர் கேஜ் நாட்களை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். அப்போது மின்சாரக் கம்பி விழுப்புரத்தோடு நின்றிருந்தது. சென்னையிலிருந்து இழுத்து வந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் மாட்டினால்தான் வண்டி திருச்சிப் பக்கம் நகரும். செல்லில் எஞ்சினோடு தண்டவாளமும் மாறுகிறது என்பதே வித்தியாசம். நம் தோலுக்கும் தலைமயிருக்கும் நிறம் தரும் கரிய மணிகள் இப்படித்தான் கைமாறி ஓரத்துக்குப் போய்ச் சேருகின்றன. அந்தக் கடைசி மயோசினில் பிறவிக் குறை இருந்தால், மணிகள் நடுவழியில் குவிந்து நின்றுவிடும்; குழந்தையின் தலைமயிர் வெள்ளிக் கம்பி போலாகிவிடும்.

ஓர் அடி, ஒரு காசு

சரி, உயிரில்லாத ஒரு புரதம் எப்படி நடக்கிறது?

கினெசினுக்கு இரண்டு கால்கள். விஞ்ஞானிகள் அவற்றைத் தலைகள் என்று சொல்கிறார்கள். நடப்பது எதுவோ அதைக் கால் என்று சொல்வதுதானே நமக்கு வழக்கம்? முதுகில் மூட்டை. ஒரு கால் தண்டவாளத்தில் அழுத்திப் பிடித்திருக்கும். அந்தக் காலுக்குள் ஓர் ஏடிபி வந்து புகுகிறது. உடனே காலின் வடிவம் சற்று மாறுகிறது. அதுவரை தளர்ந்து தொங்கிய ஒரு சின்ன நாடா முன்பக்கமாக இழுத்து ஒட்டிக்கொள்கிறது. நாடாவின் மறு முனையில் இருப்பது பின்னங்கால். அது முன்னே தள்ளப்படுகிறது.

அதன் பிறகு நடப்பதுதான் விசேஷம். செல்லுக்குள் உள்ள தண்ணீரின் மூலக்கூறுகள் சூட்டினால் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு சிறிய உருவத்துக்கு அது சூறாவளிக்குள் நிற்பது மாதிரி. தூக்கிய கால் அந்த அலைக்கழிப்பில் அங்குமிங்கும் தடுமாறி, முன்னால் உள்ள அடுத்த பிடியைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். தண்டவாளத்தின் கட்டிகள் யாவும் ஒரே பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருப்பதால் பின்னே போக வழியில்லை. இதற்குள் பின்னால் நின்றுவிட்ட காலில் ஏடிபி உடைந்து, அதன் பிடி தளர்கிறது. அடுத்த அடிக்கு அடுத்த ஏடிபி.

நாம் சாப்பிடும் சோறும் எண்ணெயும் நூறு ரூபாய் நோட்டு என்றால், ஏடிபி சில்லறைக் காசு. செல் அந்த நோட்டை மாற்றிச் சில்லறையாக வைத்துக்கொள்கிறது. கினெசின் கடன் சொல்வதில்லை. ஓர் அடிக்கு ஒரு காசு, காசில்லையேல் நடையில்லை. உடம்பு முழுவதற்குமாக ஒருவர் ஒரு நாளில் ஆக்கிச் செலவழிக்கும் ஏடிபியின் மொத்தம் ஏறக்குறைய அவருடைய எடை அளவு இருக்கும்.

ஓர் அடியின் நீளம் 8 நானோமீட்டர். விநாடிக்குச் சுமார் நூறு அடி. இது வேகமா, மந்தமா? கினெசினை நம் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, அதன் ஓர் அடி நம்முடைய ஓர் அடி போல 80 சென்டிமீட்டர் ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். அது திண்டிவனத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால், எட்டு நிமிஷத்தில் விழுப்புரத்தில் வந்து நிற்கும்!

ஆனால் போக வேண்டிய தூரமும் சாமான்யமல்ல. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பு செல் ஒன்றின் நீளம் சுமார் ஒரு மீட்டர். அதன் நுனிக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி செல்லின் நடுவில்தான் தயாராகின்றன. கினெசின்கள் தூக்கிப் போக வேண்டும். ஒரு கினெசின் நூறடி போல நடந்ததும் பிடி நழுவி விழுந்துவிடும். இன்னொன்று தோள் கொடுக்கும். இப்படி ஆள் மாற்றி ஆளாக, நிற்காமல் போனாலும் கால் விரலை எட்ட இரண்டு வாரம் ஆகும்.

மல்லாட்டையும் ஈரலும்

திண்டிவனம் என்றதும் விவசாயிகளுக்கு நினைவு வருவது மல்லாட்டை. வேர்க்கடலைக்குத் தென்னார்க்காட்டுப் பக்கத்தில் வழங்கும் பெயர் அது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விதைக் கடலைக்குப் பெயர் சொல்வார்களே, அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவைதான். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் அவை. கடலைப் பருப்பின் செல்களில் எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாகச் சேர்ந்திருக்கிறது. நம் ஈரலின் செல்களிலும் கொழுப்பு அப்படியே துளித்துளியாகத்தான் சேருகிறது. அந்தத் துளியை இழுப்பது யார்? நம் பழைய நண்பர் கினெசின்தான்.

பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் ரூப் மாலிக் என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவர்களும் எலியின் ஈரலைக் கொண்டு இதை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. அப்போது கினெசின்கள் கொழுப்புத் துளிகளின் மேல் வந்து ஒட்டிக்கொண்டு அவற்றைச் செல்லின் ஓரத்துக்கு இழுத்துப் போகின்றன. அங்கே கொழுப்பு பொட்டலம் கட்டப்பட்டு இரத்தத்தில் அனுப்பப்படுகிறது. பட்டினி கிடந்தாலோ இன்சுலின் குறைகிறது. கினெசின்கள் துளியை விட்டு இறங்கிவிடுகின்றன. துளி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதில் என்ன சூட்சுமம்? பட்டினி வேளையில் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலுக்கு வந்து குவியும். வந்ததையெல்லாம் ஈரல் அப்போதே வெளியே அனுப்பினால் இரத்தத்தில் கொழுப்பு வெள்ளமாகிவிடும். ஆகவே எஞ்சினைக் கழற்றி, சரக்கை யார்டிலேயே நிறுத்தி வைக்கிறது. கிருத்திகைக்கும் ஏகாதசிக்கும் விரதமிருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் ஈரலும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறது போலும்.

ஊர் கூடித் தேர் இழுத்தல்

இந்த மாலிக்கின் ஆராய்ச்சியில் டைனீனைப் பற்றிய பகுதி இன்னும் சுவையானது. ஒளிக்கற்றையால் ஒரு மணியைப் பிடித்து நிறுத்தி, அதை இழுக்கும் எஞ்சினின் பலத்தை அளக்க ஒரு கருவி உண்டு. அதற்கு வழி கண்ட ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கருவியால் அளந்தபோது கினெசின் பலசாலி என்றும், தனி டைனீனின் பலம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றும் தெரிந்தது. அப்படியானால் பெரிய சுமைகளைச் செல்லின் நடுவுக்கு இழுத்து வர டைனீனை ஏன் நம்ப வேண்டும்?

2004-ல் மாலிக் அமெரிக்காவில் இருந்தபோதே ஒரு குறிப்புக் கிடைத்தது. சுமை இல்லாதபோது டைனீன் நீள அடி வைக்கிறது. சுமை ஏறினால் அடியைக் குறுக்கிக்கொள்கிறது. மேட்டில் ஏறும் லாரி கியரை மாற்றுகிற மாதிரி. 2013-ல் அதன் பலன் விளங்கிற்று. பல டைனீன்கள் சேர்ந்து இழுக்கும்போது, முன்னால் போவதன் மேல்தான் அதிகச் சுமை விழுகிறது. அது அடியைக் குறுக்குகிறது. சுமை குறைந்த பின்னவை எட்டி நடந்து பக்கத்தில் வந்து சேருகின்றன. எல்லாம் தோளோடு தோள் நின்று சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பலசாலியான கினெசின்களுக்கு இந்தக் கூட்டு வேலை அவ்வளவாக வருவதில்லை.

மாசி மாதத்தில் மேல்மலையனூரில் அங்காளம்மன் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தனி ஒருவன் எவ்வளவு பலசாலியாயிருந்தாலும் தேர் அசையாது. முன்னால் நிற்கிறவன் பின்னால் இருப்பவனுக்காகச் சற்று நிதானித்தால்தான் வடம் விறைக்கும்.

இந்தக் கூட்டிழுப்பு நமக்கு உயிர் காக்கும் காரியம். ஒரு வெள்ளணு நோய்க் கிருமியை விழுங்கியதும், அந்த மூட்டையை டைனீன்கள்தான் கூட்டமாக இழுத்துச் செல்லின் நடுப்பக்கம் கொண்டு போகின்றன. கிருமியை அரித்து அழிக்கும் திராவகப் பைகள் இருப்பது அங்கேதான். டாக்டர் மாலிக்குக் கிடைத்த 2018-ஆம் வருஷத்து இன்ஃபோசிஸ் பரிசு இத்தகைய ஆராய்ச்சிகளுக்காகத்தான்.

தண்டவாளம் பெயர்ந்தால்?

வீட்டு வாசலில் நித்தியகல்யாணி வைத்திருக்கிறீர்களா? சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து, 1960-களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கை கண்ட மருந்துகளில் ஒன்று. அது செய்வது என்ன? நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. செல் இரண்டாகப் பிரிய நுண்குழல் வேண்டும். இல்லாவிட்டால் புற்றுநோய்ச் செல் பெருக முடியாது.

ஆனால் நரம்புக்கும் அதே தண்டவாளம்தானே? ஆகவே இந்த மருந்து பெறும் சிலருக்குக் கால் விரல்களும் கை விரல்களும் மரத்துப்போகும். நடை சற்றுத் தளரும். மிக நீளமான நரம்புகளின் நுனிகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. மருந்துக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் உடனே சொன்னால் அவர் அளவைப் பார்த்துக் கொடுப்பார். வீட்டில் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது மட்டும் கூடவே கூடாது.

டிக்கெட் இல்லாத பிரயாணி

கிருமியை அழிக்கக் கொண்டு போகும் அதே டைனீன் வண்டியில், டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொள்ளும் ஒரு கள்ளப் பிரயாணியும் உண்டு. வெறிநாய்க்கடி நோயின் வைரஸ்தான் அது.

வெறிநாய் காலில் கடித்தால் வைரஸ் எச்சில் வழியே தசைக்குள் போகிறது. அங்கே பல நாள் தங்கியும் விடும். பிறகு அருகிலுள்ள நரம்பு நுனிக்குள் நுழைகிறது. அதற்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. நுனியிலிருந்து நடுவுக்குப் போகும் சரக்கோடு சரக்காக ஒட்டிக்கொண்டு, நாளைக்குச் சில சென்டிமீட்டராக முதுகுத்தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் போய்விடுகிறது. மூளையை எட்டி, தண்ணீரைக் கண்டால் பயம் என்ற குறிகள் தோன்றிவிட்டால், பிழைப்பது அநேகமாக இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தப் பிரயாணத்தின் மந்தகதியே நமக்குக் கிடைத்த வரம். கடிபட்டதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகிறது. சிலருக்கு ஒரு வாரத்திலேயே வரும். சிலருக்கு ஒரு வருஷமும் ஆகலாம். அந்த அவகாசத்தில் உடம்பை எதிர்ப்புக்குத் தயார் செய்துவிடலாம் என்பதை 1885-ல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனைக் காப்பாற்றிக் காட்டினார். நம் நாட்டில் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது இந்த வைத்தியத்துக்காகத்தான்.

ஆகவே நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ செய்ய வேண்டியது இது. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். வைரஸில் பெரும் பகுதி வண்டி ஏறுவதற்கு முன்பே கழுவுபட்டுப் போகும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரிக்கோ, உங்கள் ஊருக்குக் கிட்ட உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகள் இப்போது இல்லை. கையில் போடும் நான்கைந்து ஊசிகள்தான். ஆழமான காயமானால் காயத்திலேயே போடும் வேறொரு மருந்தும் உண்டு. சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தெருவில் நாய்க்குட்டியோடு விளையாடிப் பல் பட்டுவிட்டால், அடி விழுமோ என்று பயந்து மறைக்கிற வழக்கம் குழந்தைகளுக்கு உண்டு. மறைக்காமல் வந்து சொல்லும் குழந்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நரம்புக்குள் இருக்கும் கூலியாட்களுக்கு நல்ல மூட்டை எது, விஷ மூட்டை எது என்று பார்க்கத் தெரியாது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.